சாயாத வண்டி

சைடு கார் வேண்டுமென்று முதலில் வாயைத் திறந்து கேட்டவள் அவளுடைய மகள்தான். மகளுக்குப் பத்து வயது. வீட்டில் பெரியவள் என்று பெயர். அவளைப் பெரியவள் ஆக்கிய சின்னவன் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் யாருக்கும் அவளை வேறு மாதிரிக் கூப்பிட வாய் வரவில்லை.

கடையிலிருந்து முட்டையைச் சுற்றிக்கொடுத்த பழைய பத்திரிகைத் தாளை மடியில் போட்டு நீவிக்கொண்டிருந்தாள் பெரியவள். வீட்டுக்காரர் வாசல் பக்கம் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து போட்ட தண்ணீர் மோட்டாரிலிருந்து கருகிப்போன செப்புக் கம்பியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவருக்குத் தொழில். கருகிய கம்பியின் நெடி எந்நேரமும் அவர் சட்டையில் இருக்கும். அவள் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதப் பாருங்களேன். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி வச்சிருக்காங்க. அதுக்குள்ள ஒருத்தங்க சாஞ்சு உக்காந்திருக்காங்க. நம்ம வண்டிக்கும் இப்படி ஒண்ணு வைக்கலாமா?"

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

நம்ம வண்டி என்ற பேச்சே அந்த வீட்டில் இரண்டு வருஷமாக எழவில்லை. வண்டி இருக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் பின்னால், தகரத்துக்குக் கீழே, நீலத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. துணி உலர்த்தப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள். அவள் ஒரு நாளும் அதன்மேல் ஈரத்துணியைக்கூடப் போட்டதில்லை.

திட்டப்போகிறார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"வைக்கலாம். ஏன் வைக்கக் கூடாது?" என்றார்.

அந்தக் குரலை அவள் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

*

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூடான இஸ்திரி உருளைக்குள் விட்டு எடுத்து, இரண்டு பேராக எதிரெதிரே நின்று மடிப்பார்கள். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அவளோடு மடிக்கிறவள் காய்ச்சல் என்று வரவில்லை. அடுத்த ஷிஃப்டையும் அவளே பார்க்க வேண்டியதாயிற்று. பதினாறு மணி நேரம்.

சாயங்காலம் பிடித்த மழை இரவிலும் விடவில்லை. வீட்டில் தனியாக விட முடியாமல் பிள்ளைகள் இரண்டையும் வண்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் அவளை அழைத்துப்போக வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பெரியவள், அவளுக்குப் பின்னால் இவள், பக்கவாட்டில். மடியில் சின்னவன். நாலு வயது. மழைக்கோட்டுக்குள் சுருண்டுகொண்டு, "அம்மா, உங்க வயிறு சுடுது" என்றான். உருளைச் சூடு உடம்பைவிட்டு இன்னும் போகவில்லை.

கண்ணை மூடினால் மழை குத்தாதே என்று மூடினாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவு. அப்புறம் தூக்கிப்போட்ட ஒரு குலுக்கல். அப்புறம் தண்ணீர்.

அவனை மூடிய விரிப்பும் அவளுடைய கூடத்துக்குத்தான் சலவைக்கு வந்திருக்கும். எது என்று தெரியாது. எல்லாம் ஒரே வெள்ளை. பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியவள், அன்றிலிருந்து எந்த விரிப்பையும் முழுசாக விரித்துப் பார்க்காமலே மடிக்கப் பழகிக்கொண்டாள்.

"பள்ளம் தண்ணிக்குள்ள இருந்துச்சு. தெரியல. என் தப்புதான்." வந்தவர் போனவரிடமெல்லாம் வீட்டுக்காரர் இதைத்தான் சொன்னார். அவளுடைய அண்ணன், எத்தனையோ பேருக்கு நடுவில், அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினான். "என் மருமகனக் கொன்னுட்டியேடா! குருடனாடா நீ?" சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தூங்கிட்டேண்ணா, கை விட்டது நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. வாயோடு நின்றுவிட்டது. அன்றைக்குச் சொல்லாதது மறுநாள் இன்னும் கனத்தது. ஒரு வாரம் போனபின் சொல்லவே முடியாததாகிவிட்டது.

வீட்டுக்காரர் வண்டியைத் தார்ப்பாயால் மூடினார். நடந்தார், பஸ்ஸில் போனார். அவள் அவருக்குச் சோறு போடும்போதெல்லாம், செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் இருப்பவனுக்குச் சோறு கொண்டுபோன மாதிரி இருக்கும். குற்றவாளியே கொண்டுபோகிற சோறு.

*

தார்ப்பாயை எடுத்தபோது டேங்க்கின்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார். காயில் கட்டும் அட்டையைக் கிழித்து அதில் அளவு எழுதினார். பெரியவளைத் தரையில் உட்காரவைத்து இடுப்பு அகலம், கால் நீளம் எல்லாம் நூல் பிடித்து அளந்தார். மகள் கூச்சம் தாங்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டுத் திரும்பிய அவளுக்கு, பக்கத்தில் இன்னொருவன் சிரிக்கும் இடம் அப்படியே வெறிச்சோடிக் கிடப்பது தெரிந்தது.

வெல்டிங் பட்டறைக்காரரை எல்லாரும் பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு, பேச்சும் பொறிதான். வீட்டுக்காரர் அட்டையை நீட்டியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன, கல்யாண ஊர்வலத்துக்கா? இவ்வளவு அகலம்?"

"குடும்பத்தோட போகண்ணே. ஒருத்தர் ரெண்டு பேரு உக்காரணும்."

"செஞ்சிடலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. தொட்டி மாட்டின அன்னிக்கே உன் வண்டி செத்துது. இது வேற வண்டி. நீ இத்தன வருஷம் ஓட்டினத எல்லாம் மறந்துடணும்."

பட்டறையில் எல்லாருக்கும் சைடு கார் என்பது தொட்டிதான். பொறி அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குத் தொட்டில் என்றே காதில் விழுந்தது.

மூன்று வாரம் வேலை நடந்தது. குழாயை வளைத்து, மடக்கி, ஒரு படகு மாதிரிக் கூடு கட்டினார்கள். பழைய ஸ்கூட்டர் சக்கரம் ஒன்றை அதற்குப் பொருத்தினார்கள். மோட்டார் சைக்கிளின் சட்டத்தில் நாலு இடத்தில் பிடி வைத்தார்கள். "மூணு போதும்னு சொல்லுவான். அவன நம்பாத. நாலாவது பிடிதான் உயிரு" என்றார் பொறி. எந்த அவன் என்று யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்து நேராகப் பட்டறைக்குப் போய் அவளும் நிற்பாள். தகடு அறுக்கும் சத்தத்தில் ஒன்றும் நினைக்க வேண்டியதில்லை. அதுவே ஒரு நிம்மதி. வீட்டுக்காரர் நூலைக் கட்டி, மூன்று சக்கரமும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கிறது என்று தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார். பஞ்சு அடைத்து, பச்சை ரெக்ஸின் போர்த்திய மெத்தையை அவளே தைத்தாள். ஆளைக் கட்ட ஒரு பெல்ட்டும் வைத்தார்கள்.

ஓட்டிப்பார்க்கிற அன்று வீட்டுக்காரர் கிளம்பிய வேகத்தில் வண்டி இடதுபக்கம் இழுத்து வேலியில் போய் முட்டியது.

"சாயறே! சாயறே!" என்று கத்திக்கொண்டே பொறி ஓடினார். "உடம்பால திருப்பாத. கையால திருப்பு. இது சாயாது தம்பி, முக்காலி மாதிரி. நீ சாஞ்சா நீதான் விழுவே."

"பழக்கம்ணே."

"பழக்கம்தான் ஆளக் கொல்லும்." சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று உறைத்ததும் பொறி நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் சுத்தியலைத் தேடுகிற மாதிரித் தேடினார். அப்புறம் வேறு பேச்சுக்கு வந்தார். "தொட்டி காலியா இருந்தா இடது திருப்பத்துல தூக்கிடும். ஆள் இல்லாம போறப்ப மணல் மூட்டை ஒண்ணு வச்சுக்க. பெரிசா வேணாம். ஒரு பதினஞ்சு, பதினாறு கிலோ."

மூலையில் கிடந்த சாக்கில் மணலை அள்ளிப்போட்டு, வாயைக் கட்டி, தூக்கிக்கொண்டு வந்து மெத்தையில் வைத்தார் வீட்டுக்காரர். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் சரிந்தது. பெல்ட்டை எடுத்து அதன் இடுப்பைச் சுற்றிக் கட்டி, இறுகியிருக்கிறதா என்று இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார்.

பால்வாடியில் கடைசியாகச் சின்னவனை எடை பார்த்தபோது பதினைந்தரை கிலோ இருந்தான். அவளுக்குப் பட்டறையில் நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வீட்டுக்காரர் மூட்டையோடு தெருக்கோடிவரை போய், வெகு மெதுவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஒரு கை ஹேண்டிலில். இன்னொரு கை மூட்டையின்மேல்.

*

அடுத்த ஞாயிறு காலையில் மூன்று பேரும் வெளியே கிளம்பினார்கள். எங்கே என்று ஒரு திட்டமும் இல்லை. ஒரு சுற்று போய்விட்டு வருவோம் என்றார் வீட்டுக்காரர். மணல் மூட்டையை இறக்கி வைத்தார்.

"பெரியவளே, ஏறு. உனக்குத்தானே அளவெடுத்துச் செஞ்சது."

"நான் உங்களுக்குப் பின்னாடி உக்காந்துக்கறேன். அம்மா அதுல உக்காரட்டும்."

"அடம் பிடிக்காத. ஏறு."

"வேணாம்ப்பா. அம்மாதான்."

"ஏண்டி, நீதான கேட்ட?" என்றாள் அவள்.

"உங்களுக்குத்தான் கேட்டேன்." பெரியவள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். "அதுல உக்காந்தா நீங்க தூங்கினாலும் விழ மாட்டீங்க. கையில என்ன இருந்தாலும் விழாது."

தெருவில் யார் வீட்டிலோ வானொலி பாடிக்கொண்டிருந்தது. அதுவும் திடீரென்று நின்றுவிட்டது போலிருந்தது அவளுக்கு. வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கிளட்சைப் பிடித்தபடி தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. அம்மா உக்காரட்டும்" என்றார்.

போனார்கள், வந்தார்கள். ஆற்றோரம் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். பெரியவளுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்பார், மறுநாள் கேட்பார் என்று அவள் காத்துக்கொண்டே இருந்தாள். அவர் எதிரே வந்து நிற்பார். செம்பு எங்கே, துண்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் போவார். சலவைக்கூடத்தில் எதிரே மடிக்கிறவள், "என்னடி, விரிப்ப இழுத்துக்கிட்டே நிக்கிற, விடு" என்று இரண்டு தடவை அதட்டினாள். வீட்டில் காலி நாற்காலியைப் பார்த்தால் அதில் மூட்டை சரிகிற மாதிரியே இருந்தது.

நாலாம் நாள் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் அவர் குனிந்து நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்க?"

"என்ன கேக்கணும்?"

"அவ சொன்னது காதுல விழல? நான் தூங்கிட்டேங்க. அன்னிக்கு நான் தூங்கிட்டேன். என் கைதான் விட்டுது. ரெண்டு வருஷமா உங்கள முன்னாடி நிறுத்திட்டு நான் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன். அடிங்க, திட்டுங்க, எதாவது பண்ணுங்க."

அவர் ஸ்பானரைத் தரையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ தூங்கினது. அப்பவே தெரியும். பெரியவ முதுகுல தட்டிச் சொன்னா, அப்பா, அம்மா தூங்கறாங்கன்னு. நான்தான் சொன்னேன், தூங்கட்டும், பத்து நிமிஷத்துல வீடுன்னு." ஸ்பானரைக் கையால் தள்ளி வைத்தார். "நிறுத்தியிருக்கணும். ஓரமா நிறுத்தி அவன வாங்கி முன்னாடி வச்சிருக்கணும். மழை. நனைஞ்சுக்கிட்டு எவன் நிறுத்துவான்னு ஒரு சோம்பல். அவ்வளவுதான். அந்தச் சோம்பல யார்கிட்டயும் சொல்ல முடியாம பள்ளத்து மேல பழியப் போட்டேன்."

ஆறுதலாக இருக்கும் என்று யாராவது அவளிடம் முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வந்தது கோபம்.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுக்கிட்டேயா என் கையால சோறு வாங்கித் தின்னீங்க? நான் உள்ளுக்குள்ள அழுகிப் போய்க்கிட்டிருந்தேனே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? எங்கண்ணன் சட்டையப் பிடிச்சப்ப ஏன் ஊமை மாதிரி நின்னீங்க?"

"நீ ஏன் நின்ன?"

தகரத்தின்மேல் ஒரு காக்கை தத்தித் தத்தி நடந்தது. அவர் முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவன் போன அன்றுகூட அவர் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை. அவள் தொடைமேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பை தோளிலேயே இருந்தது.

"இங்க வாடி" என்றாள் அவள். "எங்ககிட்ட ஏண்டி சொல்லல?"

"யாருகிட்ட சொல்றது? உங்ககிட்ட சொன்னா அப்பாவத் திட்டுவீங்க. அப்பாகிட்ட பேசினா உங்களத் திட்டுவாரு. அப்புறம் ரெண்டு பேரும் தனித்தனியாப் போயிடுவீங்க." சாதாரணமாகத்தான் சொன்னாள். எவ்வளவோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்த கணக்குப்போல வந்தது அது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டபோதுதான் பை எவ்வளவு கனம் என்பது தெரிந்தது. கழற்றிக் கீழே வைத்தாள்.

*

"அந்த இடத்துக்கு ஒரு தடவ போகணும்" என்று அவள்தான் சொன்னாள்.

மறுவாரம், வேலை முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே போனார்கள். அவள் தொட்டியில். பெரியவள் அப்பாவுக்குப் பின்னால். இரண்டு வருஷமாக அந்தச் சாலையைத் தவிர்க்க அவள் எவ்வளவு தூரமெல்லாம் சுற்றியிருக்கிறாள்! பார்த்தால் அது வெறும் சாலையாகத்தான் இருந்தது. மர அறுவைக் கூடம், பெட்ரோல் பங்க், ஒரு சின்னப் பாலம்.

"இந்தப் பங்க் வரைக்கும் முழிச்சிருந்தேன்" என்றாள். "விளக்குல மழை தெரிஞ்சுது. அதுக்கு மேல இல்ல."

பாலம் தாண்டி நிறுத்தினார். சாலையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பள்ளமும் இல்லை, தடமும் இல்லை. அவர் ஒரு மரத்தைக் காட்டி இதுதான் என்றார். அவள் அதற்கு முன்னாலிருந்த மைல் கல்லைச் சொன்னாள்.

"ரெண்டும் இல்ல" என்றாள் பெரியவள். நேராக நடந்து போய், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "இங்க. அவன் செருப்பு அந்தப் புல்லுல கிடந்துச்சு."

மூன்று பேரும் அங்கே நின்றார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. கொண்டுவந்து வைக்கவும் ஒன்றும் கொண்டுவரவில்லை. வானம் மூடிக்கொண்டு வந்தது. தூறல் விழ ஆரம்பித்தது.

ஒரு ஸ்கூட்டர் வந்து பக்கத்தில் நின்றது. ஓட்டியவன் இளவயசுக்காரன். முன்னால் ஒரு பெண் குழந்தை நின்றிருந்தது. பின்னால் மனைவி பக்கவாட்டில் உட்கார்ந்து மடியில் மூன்று, நாலு வயதுப் பையனை வைத்திருந்தாள். பையன் நல்ல தூக்கம்.

"அண்ணே, சூப்பரா இருக்கே! எங்க செஞ்சீங்க?"

வீட்டுக்காரரின் பார்வை ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்தது. மனைவிக்காரியின் இமை செருகிச் செருகி மீண்டுகொண்டிருந்தது. கையில் மாவு ஒட்டியிருந்தது. ஏதோ ரொட்டிக் கூடத்து வேலைபோல.

"தங்கச்சி, வீடு எங்க இருக்கு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள் அவள்.

"ரயில்வே கேட் தாண்டிக்கா. பத்து நிமிஷம்தான்."

அவள் பேசாமல் போய் மடியிலிருந்த பையனை வாங்கினாள். அந்தப் பெண் திடுக்கிட்டுப் பிடித்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். "வா, வந்து இதுல உக்காரு. நாங்க கொண்டுவந்து விடறோம். ஒண்ணும் பேசாத, வா." ஸ்கூட்டர்காரன், "பரவாயில்லக்கா, பழக்கம்தான்" என்று ஆரம்பித்தான். வீட்டுக்காரர் அவன் தோளில் கையை வைத்தார். அவன் அடங்கிவிட்டான்.

பையனை மெத்தையில் உட்காரவைத்து, அவன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பேரையும் சேர்த்து பெல்ட்டைக் கட்டினாள். மழைக்கோட்டைப் போர்த்தினாள். அவளுக்கு இப்போது இடம் பின்னால்தான். அவருக்குப் பின்னால் பெரியவள், பெரியவளுக்குப் பின்னால் அவள், பக்கவாட்டில், தொட்டியின் குழாயில் காலை ஊன்றி. மடி காலி. அன்றைக்கு உட்கார்ந்த அதே மாதிரி. பெரியவள் தன் கையைப் பின்னால் நீட்டி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கூட்டர்காரன் பெண் குழந்தையோடு முன்னால் போனான். வழி முழுக்க அவள் கண்ணை எடுக்கவில்லை. கீழே, ஒரு கை தூரத்தில், அந்தப் பையனின் தலை. திருப்பத்திலும் வண்டி சாயவில்லை. தலை மட்டும் மெல்ல ஆடியது. அவன் அம்மா தூங்கிவிட்டிருந்தாள்.

கேட்டைத் தாண்டி அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். உள்ளே வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க என்றார்கள். இன்னொரு நாள் வர்றோம் என்றார் வீட்டுக்காரர். தூக்கக் கலக்கத்தோடு பையன் அவளைப் பார்த்து, யாரென்று புரியாமல், அம்மாவின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

அவள் தொட்டியில் ஏறப்போனாள். மெத்தையில் அவன் உட்கார்ந்திருந்த இடம் சின்னதாகக் குழிந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. பஞ்சு அடைத்த மெத்தை, மெதுவாகத்தான் எழும்பும். தூறலில் நனைந்துகொண்டு அவள் நின்றாள். "ஏறும்மா" என்று அவர் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, அந்தக் குழி முழுக்க நிரவிக்கொள்ளும்வரை அவரும் காத்துக்கொண்டிருந்தார்.